வலியை வாய்விட்டுச் சொல்லுங்கள்!

"எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். "பரவாயில்லே டாக்டர்" என்போம். ராத்திரி பூராவும் வலியில் புரண்டதும், மூன்று நாளாய்ச் சோறு இறங்காததும் அந்தப் 'பரவாயில்லே'யில் அமுங்கிப் போகும். கேஸ் ஷீட்டிலும் அப்படியே பதிவாகும்.

நம்மில் பலருக்கு இது ஊறிப்போன வழக்கம். அவர் ஆபீசுக்கு லீவு போடக் கூடாது, குழந்தைகள் பயப்படக் கூடாது, செலவு ஏறக் கூடாது... எத்தனை கவலை! ஆனால் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் இப்படி விழுங்கிக் கொண்டால், சிகிச்சையே குறைபட்டுப் போகும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 54 சிகிச்சை நிலையங்களில், புற்றுநோய் பரவிய 1,308 வெளிநோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 1994-ல் வெளியானது. வலி இருந்தவர்களில் 42 சதவிகிதம் பேருக்கு வலிக்கேற்ற மருந்து தரப்படவில்லை. பெண்களுக்கும், 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் இந்தக் குறை அதிகம். சிறுபான்மை இனத்தவர் பெரும்பாலும் வருகிற நிலையங்களிலோ மற்ற இடங்களைப் போல மூன்று மடங்கு! நோயாளி உணர்ந்த வலியும் டாக்டர் கணித்த வலியும் ஒத்துப் போகாததே இதில் ஒரு முக்கிய காரணம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படி இருக்கலாமா? படித்தவர், படிக்காதவர், பேசத் தெரிந்தவர், கூச்சப்படுகிறவர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே பதிவு செய்தால் என்ன?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஈதன் பாஷ் குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள். மொத்தம் 766 நோயாளிகள். ஒரு பிரிவினர் வலி, வாந்தி, களைப்பு, மூச்சிரைப்பு, மலச்சிக்கல் போன்ற 12 தொல்லைகளைத் தாங்களே கம்ப்யூட்டரில் பதிந்தார்கள். தொல்லை கூடினால் நர்சுக்கு உடனே தகவல் போகும். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. பதிந்தவர்களின் சராசரி ஆயுள் ஐந்து மாதம் கூடியதாக 2017-ல் முடிவு வந்தது. இன்னொரு விஷயம் கேளுங்கள்: கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாதவர்களுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது!

அடுத்து 52 மையங்களில் நடந்த பெரிய ஆராய்ச்சியில் டெலிபோன் மூலமும் பதில் சொல்லலாம் என்றார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் டெலிபோனையே விரும்பினார்கள். இதில் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் தொல்லைகள் குறைந்தன, நடமாட்டம் மேம்பட்டது. அதுவும் சின்ன விஷயமா?

சரி, நாம் என்ன செய்யலாம்? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

* தினமும் மாலையில் வலிக்கு மார்க் போடுங்கள். வலியே இல்லையென்றால் 0. தாங்கவே முடியாவிட்டால் 10.

* சாப்பாடு, தூக்கம், வாந்தி, மலம், கை கால் மரத்துப் போதல் - ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

* வலியால் எந்த வேலை நின்றது என்றும் எழுதுங்கள். "குடத்தைத் தூக்க முடியலே" என்ற ஒரு வரி டாக்டருக்கு நிறையச் சொல்லும்.

* எழுதத் தெரியாத அம்மாவுக்கு, மாமியாருக்கு நீங்கள் எழுதுங்கள். அவர் 8 என்றால் 8-தான். "அவ்வளவெல்லாம் இருக்காது" என்று நீங்களாகக் குறைக்காதீர்கள்.

* கீமோதெரபி நாட்களில் ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் நோட்டை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூச்சுத் திணறலுக்கும் இதேதான்.

டாக்டரின் அறைக்குள் போனதும், அவர் கேட்பதற்கு முன்பே நோட்டை மேஜையில் விரித்து வையுங்கள். 'தொந்தரவு கொடுக்கிறோமே' என்ற தயக்கம் வேண்டாம். அவர் பார்த்தாக வேண்டிய பரிசோதனை ரிப்போர்ட்டுகளில் அதுவும் ஒன்று.