பள்ளியும் பன்மையும்

மாணவர்களே! பள்ளியின் சிறப்பை அளந்தறியப் பல அளவுகோல்கள் உள்ளன. தேர்ச்சி பெற்றோர் தொகையைச் சிலர் எண்ணுவர்; விளையாட்டில் வென்ற கேடயங்களைச் சிலர் காட்டுவர்; கட்டடத்தின் உயரத்தைக் கண்டு வியப்பாரும் உளர். அவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் வேறோர் அளவுகோலையே நம்புகிறேன். நேற்று வந்து சேர்ந்த ஒரு மாணவன், நம் மொழி அறியாதவன், நம் வழக்கங்கள் பழகாதவன், எத்தனை நாளில் அச்சமின்றி வாய் திறந்து பேசுகிறான் என்பதே அது. இவ்வளவுகோலை எனக்குக் கற்பித்தது நூலன்று, என் பிழையே.

திருப்பூர் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் நெடுங்காலம் பணி செய்தேன். அவ்வட்டாரத்தின் பின்னலாடைத் தொழில் உலகறிந்தது. அங்கு நெய்து தைக்கும் ஆடைகள் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் செல்கின்றன. அத்தொழிலை நாடி முதலில் நம் தென்மாவட்டத்தார் வந்தனர். பின்னர்ப் பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலத்தாரும் வந்தனர். பெற்றோருடன் பிள்ளைகளும் வந்தனர்.

அவர்கள் வருமுன்னரும் எங்கள் வகுப்பு ஒருமொழி வகுப்பாக இருந்ததில்லை. கொங்கு நாட்டு நெசவாளர் குடும்பங்கள் பலவற்றில் கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழியாக உள்ளது. உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளும் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் எங்களிடம் பயின்றனர். தலைமுறை தலைமுறையாகத் தமிழோடு பழகியவர்கள் ஆதலின், அவர்தம் வீட்டில் வேறு மொழி ஒலிக்கிறது என்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

2012ஆம் ஆண்டில் ஒடிசாவிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்திருந்தது. பள்ளி செல்லாது நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்த்தல் வேண்டும் என்றும், பிறரோடு ஒப்ப நிற்கும் வண்ணம் அப்பிள்ளைக்குத் தனிப்பயிற்சி அளித்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சட்டத்தின் முற்பாதியை நாங்கள் நிறைவேற்றினோம், பிற்பாதியை மறந்தோம். அவன் கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருந்தான். பேசாத பிள்ளையை அறிவு மந்தமான பிள்ளை என்று நான் எண்ணினேன்.

ஒருநாள் அவனை எழுப்பிப் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தவன், 'பழம்' என்பதைப் 'பளம்' என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் புத்தகத்தை மூடிவிட்டு அமர்ந்தான். மறுநாள் அவன் வரவில்லை. அதன் மறுநாளும் வரவில்லை. பத்து நாள் கழித்து அவன் வீடு தேடிச் சென்றேன். வீடு பூட்டியிருந்தது. குடும்பம் வேறிடம் பெயர்ந்துவிட்டது என்றும், பையனும் தந்தையோடு வேலைக்குச் செல்கிறான் என்றும் அண்டை வீட்டார் கூறினர். பன்னிரண்டு வயதிற் புத்தகம் ஏந்த வேண்டிய கை, துணி மடிக்கச் சென்றது. வறுமை அவனை இழுத்திருக்கலாம். ஆனால், எங்கள் சிரிப்பு அவனைத் தள்ளிற்று என்பதை நான் மறுக்க இயலாது.

அன்று மாலை விளையாட்டிடத்தின் அருகே நின்று செவி கொடுத்தேன். வகுப்பிற் சிரித்தவர்களிற் பாதிப்பேர் தமக்குள் பேசும்போது 'பளம்' என்றே சொல்லினர்! மேலும், ஒடியா மொழியில் ளகர ஒலி உண்டு; ழகர ஒலி இல்லை. தன் நாவறிந்த ஒலிகளுள் ழகரத்திற்கு மிக அண்மையில் உள்ளதை அவன் தேடிப்பிடித்து ஒலித்தான். அது மந்தம் அன்று, கூர்மை. அதனை உணர்ந்து பாராட்ட வேண்டிய தமிழாசிரியன், ஊரோடு சேர்ந்து நகைத்தேன்.

இரண்டு ஆண்டு கழிந்தபின் ஒடிசாவிலிருந்து ஒரு சிறுமி எட்டாம் வகுப்பிற்கு வந்தாள். இம்முறை நான் விழிப்பாக இருந்தேன். அவளுக்கு இந்தி ஓரளவு தெரியும். இந்தியும் உருதும் பேச்சில் நெருங்கியவை ஆதலின், உருது பேசும் வீட்டுப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் அவளை அமர்த்தினேன். அதுவரை தன் வீட்டுமொழியை வகுப்பில் மறைத்து வந்த அப்பெண், அன்றுமுதல் மொழிபெயர்ப்பாளராக நிமிர்ந்து அமர்ந்தாள். நண்பகல் உணவு வேளையில் அவ்விருவரையும் சூழ்ந்து ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒடிசாவில் சோற்றில் நீரூற்றிப் புளிக்கவைத்துப் 'பகாளா' என்று உண்பார்கள் எனக் கேட்டபோது, "இது நம் வீட்டுப் பழைய சோறு அன்றோ!" என்று பிள்ளைகள் வியந்தனர்.

நான்கு மாதம் சென்றபின் அச்சிறுமி எழுந்து ஒரு வினாக் கேட்டாள். "ஐயா, கடல், தங்கம், அகம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மட்டும் மூன்றாக இருப்பது ஏன்?" வகுப்பு வாயடைத்து நின்றது. பிறந்தது முதல் தமிழ் பேசிய நாற்பது பேரில் ஒருவரும் அதனை எண்ணிப் பார்த்ததில்லை. மொழிமுதலில் வல்லொலியாகவும், மெல்லெழுத்தை அடுத்து மெலிந்தும், உயிர்களின் இடையே நெகிழ்ந்தும் ககரம் ஒலிக்கும் முறையை அன்று விளக்கினேன். ஒலிக்கும் இடமே ஒலியைக் காட்டிவிடுவதால் தமிழுக்குத் தனித்தனி எழுத்து வேண்டாவாயிற்று என்றேன். அவள் தன் மொழியின் ககர வரிசை எழுத்துகள் நான்கையும் கரும்பலகையில் எழுதினாள். அவற்றின் வட்ட வடிவைக் கண்டு பிள்ளைகள் காரணம் வினவினர். ஓலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு கீறினால் ஓலை கிழியும். ஆதலின், எழுத்துகள் வளைந்தன என்பர். அன்றைய ஒரு மணி நேரத்தில் என் மாணவர் கற்ற தமிழ், பல நாள் பாடத்திற் கற்றதினும் மிகுதி. ஆண்டிறுதியில் ழகரத்தைத் திருத்தமாக ஒலித்தவர்களுள் அச்சிறுமியும் ஒருத்தி.

வேற்றுமொழிப் பிள்ளைகளுக்கு இத்துணை இடம் தந்தால் தமிழ் தேயாதோ என்று சிலர் அஞ்சுவர். தமிழையே உண்டு உயிர்த்த நான் அவ்வச்சத்தை எள்ளேன். ஆனால், அதற்கு வரலாறு விடை கூறும். இத்தாலியில் 1680இல் பிறந்தவர் வீரமாமுனிவர். தமிழை வளர்ந்தபின் கற்ற அவரே 'தேம்பாவணி' பாடினார், 'சதுரகராதி' தொகுத்தார், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு விளங்க எழுத்தைத் திருத்தினார். கனடா நாட்டுத் தீவொன்றில் 1820இல் பிறந்த ஜி. யு. போப், 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட கி. ராஜநாராயணன் 1991இலும், சௌராட்டிரத்தை வீட்டுமொழியாகக் கொண்ட எம். வி. வெங்கட்ராம் 1993இலும் தமிழ் நூல்களுக்காகச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றனர். இவர்களை அயலார் என்று வாயிலில் நிறுத்தியிருந்தால் இழப்பு யாருக்கு? புகார் நகரிற் பன்மொழியாளர் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பெருமையோடு கூறுகிறது. அந்நாளிலும் தமிழ் தேயவில்லை.

வேறு சிலர், ஆண்டுக்கொருமுறை பல மாநில உடைகளைப் பிள்ளைகளுக்கு உடுத்தி மேடையேற்றிவிட்டால் கடமை முடிந்தது என்பர். விழா இனியதே, நானும் கைதட்டியவனே. ஆயினும், மேடையில் ஒடிசா ஆடையைப் போற்றிவிட்டு, வகுப்பில் ஒடிசாப் பிள்ளையின் நாவை நகைப்பது பொருந்துமோ? பன்மையைப் போற்றுதல் என்பது ஒருநாட் செயலன்று. நாடோறும் பழகும் பழக்கம்.

எல்லாரும் அவரவர் போக்கில் இருக்க என்றும் நான் கூறவில்லை. பள்ளிக்குப் பொதுவொழுக்கம் வேண்டும். தமிழ்நாட்டிற் பயிலும் பிள்ளை தமிழை நன்கு கற்றல் வேண்டும். அக்கல்வி அன்பின் வழியே புகும். ஏளனத்தின் வழியே புகாது. நம்மவர் பிழைப்பு நாடி மும்பைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்து மலேயாவிற்கும் சென்றவர்கள். அங்கே நம் பிள்ளைகளின் நாவைக் கண்டு யாரேனும் நகைத்தால் நம் நெஞ்சு வேகும். அவ்வெப்பம் பிறர்க்கும் உண்டு.

மாணவர்களே! நீங்கள் செய்யத்தக்கது அரிதன்று. புதிதாக வந்தவரின் பெயரை அவர் சொல்லுமாறே சொல்லப் பழகுங்கள். உணவு வேளையில் பக்கத்தில் இடம் கொடுங்கள். அவர் தடுமாறும்போது பொறுத்திருங்கள். அவர் வினவும்போது சிந்தியுங்கள். அவர் வளர்வார், அவரால் நீங்களும் வளர்வீர்கள்.

அச்சிறுமியின் வினா இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. அச்சிறுவன் கேட்டிருக்கக்கூடிய வினா யாதென்று நான் அறியேன். அதனைக் கேட்கும் வாய்ப்பை ஒரு சிரிப்பால் இழந்தேன். உங்கள் வகுப்பிற் கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். அங்கே வாய் திறவாது அமர்ந்திருப்பவர் யார்?