எத்தனை நியூட்டன் மீட்டர் என்று யாராவது சொல்லுங்களேன்

டயர் கடையில் ஏர் கன் போடும் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பகீரென்கிறது. நட்டு இறுகி நின்ற பிறகும் டர்ர்ர் என்று இன்னும் நாலு விநாடி. "போதும் தம்பி" என்றால், "டைட்டா இருந்தாதான்க்கா சேஃப்டி, ஹைவேல போறீங்க" என்று பதில் வருகிறது. புதுச்சேரி கோரிமேட்டில் குடியிருப்பவர்களுக்கு ஹைவே வாசலிலேயே கிடக்கிறது; ஜிப்மர் ஆஸ்பத்திரியைத் தாண்டித் திண்டிவனம் ரோட்டில் ஏறினால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். அந்த ரோட்டில் ராத்திரி பஞ்சரானால் ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாட்டப்போவது நான். கன் பிடித்த தம்பி அங்கே இருக்க மாட்டான்.

இதில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. சக்கர நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கார் கம்பெனிக்காரர்களே கையேட்டில் அச்சடித்துத் தருகிறார்கள். சின்னக் கார்களுக்கு, வண்டியைப் பொறுத்து, சுமார் 85 முதல் 130 நியூட்டன் மீட்டர். என் காருக்கு 100-ஐ ஒட்டி. காரோடு கொடுக்கும் எல் ஸ்பேனரின் கை ஏறக்குறைய கால் மீட்டர் நீளம். என் எடை 52 கிலோ. அதை 9.8-ஆல் பெருக்கி, கால் மீட்டரால் பெருக்கினால் 127. அதாவது, சரியாக முடுக்கிய நட்டு என்றால், ஸ்பேனர் நுனியில் நான் ஏறி நின்றாலே அசைந்துகொடுக்க வேண்டும். தனியாக வண்டி ஓட்டும் எவரும் நடுரோட்டில் நிர்க்கதியாக நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஸ்பேனரை டிக்கியில் வைத்தே அனுப்புகிறார்கள்.

அசையவில்லை. ஏறி நின்று உடம்பைக் குலுக்கினால் ஸ்பேனர் நழுவி நட்டின் முனை மழுங்குகிறது. டயர் கடைக் கன்கள் ஐந்நூறு, அறுநூறு நியூட்டன் மீட்டர் வரை தள்ளக்கூடியவை. அவ்வளவு விசையை வாங்கினால், நட்டு ஏறும் ஸ்டட் இழுபட்டு நீளும். நீண்டது ஒருநாள் முறியும். ஒரு நட்டு அதிகமாகவும் ஒரு நட்டு குறைவாகவும் இருந்தால் பிரேக் டிஸ்க் சமமாக உட்காராது. பெடலை மிதிக்கும்போது காலடியில் துடிக்கும். இதையெல்லாம் தவிர்க்க டார்க் ரெஞ்ச் என்று ஒரு சாமான் இருக்கிறது. கையால் முடுக்குவது, வைத்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடும். அது இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் ஷோரூம்லதான்க்கா" என்கிறார்கள். கம்ப்ரஸருக்கு அத்தனை காசைப் போட்டவர்கள் இதையும் ஒன்று வாங்கி ஆணியில் மாட்டி வைத்தால் என்ன?

போதாக்குறைக்கு உப்புக் காற்று. கோரிமேடு மேட்டில்தான் இருக்கிறது, கடலும் நாலைந்து கிலோமீட்டர் தள்ளித்தான். இருந்தும் துரு விடுவதில்லை. 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ரெயின்போ நகரில் என் அக்கா வீட்டுக் கார் சக்கரம் முங்க நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு கழற்றிப் பார்க்கப் போனால், துருவும் பழைய ஏர் கன் முடுக்கும் சேர்ந்து நட்டுகள் பற்றவைத்ததுபோல் நின்றன. ஒரு ஸ்டட் கழலும்போதே முறிந்தது. பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் ரெஞ்ச் ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அது நல்ல சாமான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்றுகிறது. நட்டு மறுத்தால் சுத்தியல் ஒரு கணம் பின்வாங்கி, ஸ்பிரிங் விசையோடு திரும்ப வந்து பக்கவாட்டில் அடிக்கிறது. நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் அடி. அந்த அடி நட்டுக்குப் போகிறது, நம் மணிக்கட்டுக்கு அவ்வளவாக வருவதில்லை. உடம்பில் பலம் இல்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைவிட உதவி வேறில்லை. வாங்கப் போனால்தான் பிராணன் போகிறது.

ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது வோல்ட். ஒருவர் 18 என்கிறார், இன்னொருவர் 20, மூன்றாமவர் 21. கூடினால் பலம் கூடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? மூன்றும் ஒரே பேட்டரி. உள்ளே வரிசையாக ஐந்து லித்தியம் செல். சராசரி 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. நாலு என்று வைத்தால் 20. சார்ஜ் முழுதாக ஏறிய கணத்தில் 4.2, ஆக 21. இதற்கும் மேலே போய் 88 விஎஃப், 188 விஎஃப், 388 விஎஃப் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மின்சாரத்தில் அப்படி ஒரு அளவே கிடையாது. பார்ப்பவர் வோல்ட் என்று படித்துக்கொள்ளட்டும் என்று போட்டதுதானே? பள்ளிக்கூடத்தில் பிள்ளை இப்படி எழுதினால் தப்புப் போடுவோம். காசு வாங்கி விற்கிறவர் எழுதினால் நட்சத்திரம் நாலரை என்று கீழே மின்னுகிறது.

எனக்கு வேண்டியது ஒரே எண். துருப்பிடித்து, தாறுமாறாக முடுக்கப்பட்ட நட்டைக் கழற்ற இந்த சாமான் எவ்வளவு விசை தரும்? அதைத்தான் ஒளிக்கிறார்கள். முடுக்கும் விசை வேறு, இறுகிய நட்டை அசைக்கும் விசை வேறு. அசைக்கும் விசை எப்போதும் பெரிய எண்ணாக இருக்கும். பெரியதை மட்டும் போட்டு, அது எது என்று சொல்லாமல் விடுகிறார்கள். ஒழுங்காகச் சொல்ல முடியாது என்றில்லை. பாஷ் ஜிடிஎஸ் 18வி-400 என்ற மாடலுக்கு முடுக்க 400, கழற்ற 600 என்று கம்பெனி இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. மகிட்டா டிடிடபிள்யூ 300-க்கு 330, 580. இரண்டும் வெறும் 18 வோல்ட்தான், கவனியுங்கள். வீட்டுக் காருக்கு இந்த அளவு தாராளம். சக்கர நட்டோடு நிற்காமல், பல கார்களில் 200-ஐத் தாண்டி முடுக்கியிருக்கும் டிரைவ் ஷாஃப்ட் நட்டையும் தொடலாம்.

கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாமே என்று டவுனுக்குள் ஹார்ட்வேர் கடைகளுக்குப் போனேன். இம்பேக்ட் ரெஞ்ச் என்று கேட்டால் சுவரில் ஓட்டை போடும் இம்பேக்ட் டிரில்லை எடுத்து வைக்கிறார்கள். "இதுவும் இம்பேக்ட்தாம்மா." இன்னொரு கடையில் ஸ்க்ரூ முடுக்கும் இம்பேக்ட் டிரைவர் வந்தது. அதன் வாய் கால் இஞ்ச் அறுகோணம். சக்கர நட்டுக்கு வேண்டியது அரை இஞ்ச் சதுரம். "அடாப்டர் போட்டுக்கலாம்" என்றார். போடலாம், சின்ன கன்னின் விசையில் ஒரு பங்கை அந்த அடாப்டரே முறுக்கிக்கொண்டு தின்றுவிடும். வேறொருவர் என்னைப் பார்த்தே பேசவில்லை. "சாரை அனுப்புங்கம்மா, அவருக்குச் சொன்னா புரியும்." காரை ஓட்டுவது நான், கழற்றுவது நான், பணம் கொடுப்பது நான். புரிய வேண்டியது சாருக்கா?

கடைசியாக ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அசல் சாமானே இருந்தது.

"எத்தனை நியூட்டன் மீட்டர்ங்க?"

"லாரி வீலே கழட்டும்மா."

"எண் சொல்லுங்களேன்."

"பெட்டியில போட்டிருப்பான்."

"பிரிச்சுக் காட்டுங்க. வாசல்ல என் கார் நிக்குது, ஒரே ஒரு நட்டு, கழற்றிப் பார்த்துடலாம்."

"பிரிச்சா எடுத்துக்கணும்மா."

செருப்பைப் போட்டு நடந்து பார்க்கிறோம், மிக்ஸியைச் சுவிட்ச் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். சார்ஜ் ஏற்றிய ஒரு மாதிரி கன், பலகையில் இறுக்கிய ஒரு போல்ட்: இதைக் கடையில் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

சரி, விலையைக் கேட்டு மூச்சு விட்டால், அது பேட்டரி இல்லாத விலை. 'சோலோ' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பேட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று சேர்த்தால் நாலு டயரும் புதிதாக மாற்றும் செலவைத் தொட்டுவிடும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி கன்னில் ஏறாது. ஒருமுறை வாங்கினால் அடுத்து வாங்கும் டிரில்லும் ரம்பமும் அந்தக் கம்பெனிச் சாமானாகவே இருந்தாக வேண்டும். அதிலும் சின்ன பேட்டரியை மாட்டினால் சொன்ன விசை வராது; பெட்டியில் போட்ட எண்ணை எந்த பேட்டரியோடு அளந்தார்கள் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. லித்தியம் பேட்டரி என்றால் அதன் மேல் பிஐஎஸ் முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்க வேண்டும். மலிவு விலைப் பெட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காணோம். படுக்கையறைப் பக்கத்தில் ராத்திரி முழுக்க சார்ஜில் போடுகிற சாமான் அது.

சாக்கெட்டிலும் இதே அலட்சியம். கன்னுக்கென்று கறுப்பாக, கனத்த சுவரோடு, குரோம் மாலிப்டினத்தில் செய்த சாக்கெட் தனியாக உண்டு. மாருதி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 19 எம்எம் கேட்க வேண்டும், ஹூண்டாய் என்றால் 21. வெள்ளியாக மின்னும் கைச் சாக்கெட்டை கன்னில் மாட்டினால் அடி தாங்காமல் வெடித்துச் சிதறும். துண்டு கண்ணில் பாயும். "எல்லாம் ஒண்ணுதான்மா, போட்டுக்கோங்க" என்று நீட்டிய கையை என்ன சொல்வது? கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றுகூட ஒருவர் சொல்லவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும். ஏமாற்றினால் புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் சாமான் எவ்வளவு வேலை செய்யும் என்பதை ஒரே முறையில் அளந்து எழுது என்று இந்தப் பெட்டிக்காரர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டால் நடக்கும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கே நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டது. காற்று எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று ஒப்பிட்டு இன்றைக்கு எந்த வீட்டுக்காரராலும் ஃபேன் வாங்க முடிகிறது. அதே மாதிரி இந்தப் பெட்டியிலும் நாலு வரி போடச் சொல்லுங்கள். முடுக்க எவ்வளவு. கழற்ற எவ்வளவு. எந்த பேட்டரியோடு அளந்தது. அந்த பேட்டரி தனியாக என்ன விலை. இப்போது அந்த 88 விஎஃப் அடைத்துக்கொண்டிருக்கிற இடமே இதற்குப் போதும்.