‘அவ நடிக்கேல்லை’ எண்டு சொல்லுறவைக்கு

தமிழில் ஒரு நடிகருக்குக் கொடுக்கிற ஆகப்பெரிய பாராட்டு ‘நடிக்கேல்லை, வாழ்ந்திருக்கிறார்’ என்பதுதான். சிவாஜிக்குச் சொன்னோம், கமலுக்குச் சொன்னோம், இப்ப ஃபகத் பாசிலுக்குச் சொல்கிறோம். நடிப்பே கண்ணில் படாத அளவுக்கு அந்த ஆள் உழைத்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். ஆனால் ‘த வயர்’ தொடரைப் பற்றி எங்கட பெடியள் கதைக்கத் தொடங்கினால் இதே வசனம் தலைகீழாகிவிடுகிறது. ‘ஸ்னூப் நடிக்கேல்லை மச்சான், அவ உண்மையிலயே அப்பிடித்தான்.’ இங்கே அர்த்தம் வேறு. உழைப்பு ஒன்றும் இல்லை, கமராவை வைத்தார்கள், அவ வந்து நின்றா, அவ்வளவுதான். நாங்கள் சண்டை பிடிக்க வந்தது இந்த இரண்டாவது அர்த்தத்தோடு.

பார்க்காத ஆக்களுக்கு ரெண்டு வரி. 2002 முதல் 2008 வரை எச்.பி.ஓ.வில் வந்த தொடர், 5 சீசன், 60 பகுதிகள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் தூள் விற்கிறவர்கள், அவர்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் பொலிஸ், பிறகு துறைமுகம், நகரசபை, பள்ளிக்கூடம், பத்திரிகை என்று கதை விரிந்துகொண்டே போகும். உருவாக்கிய டேவிட் சைமன் அந்த நகரத்துப் பத்திரிகையில் குற்றச்செய்தி எழுதியவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே பொலிசாக இருந்து, பிறகு பள்ளிக்கூட வாத்தியாராகப் போனவர். (கதையை உடைக்கப் போகிறோம். தொடர் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டோம்.)

இதில் யார் நல்ல நடிப்பு என்று கேட்டால் வழக்கமாக வரும் பெயர்கள் இரண்டு: ஸ்ட்ரிங்கர் பெல்லாக வந்த இட்ரிஸ் எல்பா, மக்நல்ட்டியாக வந்த டொமினிக் வெஸ்ட். காரணமும் தயாராக இருக்கும். எல்பா லண்டன் ஹக்னிக்காரன், வெஸ்ட் ஷெஃபீல்ட்காரன், ரெண்டு இங்கிலிஷ்காரரும் அமெரிக்க உச்சரிப்பை எப்பிடிப் பிடிச்சிருக்கிறாங்கள் பார்! இரண்டாவது சீசனில் மக்நல்ட்டி ஒரு இடத்தில் ஆங்கிலேயன் மாதிரி நடிக்க வேண்டிவரும், அதை மகா கேவலமாகச் செய்வான். ஆங்கிலேயனான வெஸ்ட், ஆங்கிலம் பேசத் தெரியாத அமெரிக்கனாக நடிப்பதைப் பார்த்து நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர்களின் திறமையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஹக்னிக்கும் பால்டிமோருக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து நடிப்புக்குப் புள்ளி போடுகிற பழக்கத்தில்தான் சந்தேகம். தூரத்திலிருந்து வந்தவனுக்குத் திறமை, அந்த ஊரிலேயே பிறந்தவளுக்கு ‘இயல்பு’. அப்பிடியோ?

பெலிசியா பியர்சன் பால்டிமோரில் பிறந்தவர். 14 வயதில் ஒரு கொலைக்காகத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர். வெளியே வந்தபிறகு நகரத்தில் ஒரு கிளப்பில் அவரைக் கண்டு படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனவர் ஓமாராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் அவர் செய்த வேலையை ஒருவரும் பார்ப்பதில்லை.

நான்காவது சீசனின் முதல் காட்சியை எடுங்கள். ஸ்னூப் ஒரு பெரிய ஹாட்வெயார் கடைக்குள் போகிறா. ஆணி அடிக்கும் துவக்கு ஒன்று வேணும். கடைக்காரர் ஒவ்வொன்றாக விளக்குகிறார்: இது இவ்வளவு விசை, இது இந்த அளவுத் தோட்டா. எதற்காக வாங்குகிறா என்று எங்களுக்கு அந்த நேரம் தெரியாது. பாழடைந்த வீடுகளுக்குள் பிணங்களை வைத்துப் பலகை அடிக்க என்று பிறகுதான் தெரியும். இந்த இடத்தில் ஒரு சாதாரண நடிகை என்ன செய்திருப்பா? எங்களைப் பயப்படுத்தப் பார்த்திருப்பா. பியர்சன் பயப்படுத்தவே இல்லை. முழுக் காட்சியிலும் அவ கேட்டுக்கொண்டு நிற்கிறா. புது விளையாட்டுச் சாமானைப் பற்றிக் கேட்கிற பிள்ளை மாதிரி ஆர்வமாகக் கேட்கிறா. தோட்டாவின் அளவைப் பற்றிப் பேச்சு வந்ததும் தனக்குத் தெரிந்த துவக்குக் கதையைத் தொழில்காரர் தொழில்காரரோடு கதைக்கிற மாதிரிச் சொல்லத் தொடங்குகிறா. கடைக்காரரின் முகம் மெல்ல மாறுகிறது. அவ அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காத மாதிரி நிற்பதுதான் அந்தக் காட்சியில் ஆகக் கஷ்டமான வேலை. கடைசியில் காசுத்தாள்களை எண்ணிக் கையில் கொடுத்து, மிச்சத்தையும் அவரையே வைத்திருக்கச் சொல்லிவிட்டு வெளியே போகிறா. நாடகமும் அரங்கியலும் படிக்கிற எங்களுக்கு வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற ஒரு விஷயம், மற்ற நடிகர் பேசுவதை உண்மையாகக் கேட்பதுதான் நடிப்பில் பாதி என்பது. கேட்கத் தெரியாத எத்தனை பெரிய நடிகர்களை நாம் கொண்டாடியிருக்கிறோம் என்று பட்டியல் போட்டால் இந்தக் கட்டுரை முடியாது.

‘சரி, ஆனா அவவின்ர பேரையே பாத்திரத்துக்கு வைச்சவங்கள்தானே?’ என்று கேட்பீர்கள். ஓம், வைத்தார்கள். அங்கேதான் தயாரிப்பாளர்களோடும் எங்களுக்குக் கணக்கு இருக்கிறது. இதே தொடரில் ஜே லாண்ட்ஸ்மன் என்று ஒரு கொழுத்த, பகிடி விடுகிற பொலிஸ் சார்ஜன்ட் வருகிறார். அந்தப் பெயரில் பால்டிமோரில் உண்மையாகவே ஒரு பொலிஸ்காரர் இருந்தார். அவரும் தொடரில் நடித்தார். ஆனால் லாண்ட்ஸ்மனாக நடித்தது டெலனி வில்லியம்ஸ் என்ற நடிகர். உண்மையான லாண்ட்ஸ்மனுக்குக் கொடுத்தது மெல்லோ என்ற வேறு அதிகாரியின் வேடம். பொலிஸ்காரர் நடிக்க வந்தபோது அவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் கவனமாக ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். சிறையிலிருந்து வந்த கறுப்பினப் பெண் நடிக்க வந்தபோது வேலி இல்லை. பெலிசியா ‘ஸ்னூப்’ பியர்சன் என்று முழுப்பெயரையும் ஒரு கூலிக்கொலைகாரிக்கு ஒட்டிவிட்டார்கள். மெல்லோவைப் பார்த்து ‘அவர் நடிக்கேல்லை, உண்மையிலயே பொலிஸ்தான்’ என்று குறை சொன்ன ஒருவரையும் நாங்கள் காணவில்லை. அது சுவாரசியமான தகவல் மட்டும்.

2011 மார்ச்சில் பால்டிமோரில் நடந்த ஒரு போதைப்பொருள் சுற்றிவளைப்பில் பியர்சன் கைதானார். பிணை கேட்டபோது நீதிபதி தொடரைப் பார்த்திருந்தார். தொடரில் இருப்பதற்கும் நேரில் நிற்பதற்கும் தோற்றம் நன்றாக வித்தியாசப்படுகிறது, தோற்றத்தை மாற்றக்கூடியவர் என்று சொல்லிப் பிணையை மறுத்தார். பிறகு வழக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு முடிந்தது. ஆனால் அந்த ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். ரசிகர்களுக்கு அவ தன்னைத்தானே காட்டியவ, நடிகை இல்லை. அவ வேறொரு ஆளாக மாறக்கூடியவ என்று வாய்திறந்து ஒத்துக்கொண்டது ஒரு நீதிமன்றம், அதுவும் அவவை உள்ளே வைத்திருப்பதற்காக.

இது அவவோடு முடிகிற கதை இல்லை. பபிள்ஸ் என்ற தூள் அடிக்கிறவராக வந்த அண்ட்ரே ரோயோ நியூயோர்க் பிராங்ஸ்காரர், முறையாக நடிப்புப் படித்தவர். படப்பிடிப்பு இடைவேளையில் அவர் வேடத்தோடு தெருவில் நிற்க, யாரோ ஒருவர் உண்மையான அடிமை என்று நினைத்துப் பரிதாபப்பட்டு அவர் கையில் தூள் வைத்துவிட்டுப் போன கதையை அவரே சொல்லியிருக்கிறார். தெருவில் கிடைத்த ஒஸ்கார் என்பார். வேறு பரிசு அந்த வேடத்துக்கு எம்மியில் கிடைக்கவில்லை. ஐந்து சீசனிலும் ‘த வயர்’ நடிகர்களில் ஒருவர்கூட எம்மிக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. எழுத்துக்கு மட்டும் இரண்டு பரிந்துரைகள். நான்காவது சீசனின் நான்கு பெடியள்களையும் ‘தெருவில இருந்து பிடிச்சுக்கொண்டு வந்தவங்கள்’ என்று நினைக்கிற ஆக்கள் எங்கட பட்ச்சிலேயே இருக்கிறார்கள். அந்தச் சிறுவர்களுக்குப் பின்னால் நின்று பயிற்சி கொடுத்தவர் புரொப் ஜோவாக நடித்த ரொபர்ட் சூ. பால்டிமோரின் பழைய கறுப்பின நாடகக் குழுவான அரீனா பிளேயர்ஸில் நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர். அவ்வளவு வேலையும் ‘இயல்பு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் காணாமல் போகிறது.

எங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்தச் சொல் எங்கள் பக்கமும் திரும்பியிருக்கிறது. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய ‘தீபன்’ படத்தில் நாயகனாக நடித்தவர் ஷோபாசக்தி. நாவல் எழுதுகிறவர், அதற்கு முதலே ‘செங்கடல்’ படத்தில் நடித்தவர். ‘இயக்கத்தில இருந்தவர்தானே, பிறகென்ன நடிப்பு?’ என்று எங்கட ஆக்களே சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த வருடம் கானில் சிறந்த நடிகர் பரிசு பெற்றவர் வின்சன்ட் லாண்டன். வேலை இழந்த தொழிலாளியாக, பெரும்பாலும் தொழில்முறை நடிகர் அல்லாத சாதாரண மனிதர்கள் நடுவில் அவர் நடித்த படத்துக்கு. அவர் தகுதியானவர்தான், படம் நல்ல படம். ஆனால் சுற்றி நின்ற அந்த மனிதர்கள் செய்தது என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறு வருடம் கழித்து ‘த ஃபமிலி மேன்’ இரண்டாவது சீசனில் சமந்தாவுக்குத் தோலைக் கறுப்பாக்கி ஈழத்துப் போராளி ஆக்கினார்கள். அது மட்டும் ‘மாற்றம்’, ‘அர்ப்பணிப்பு’. பூசிக்கொண்டால் நடிப்பு, பிறந்தே கறுப்பாயிருந்தால் இயல்பு.

ஈழத்தவர் வேடத்தில் ஈழத்தவர்தான் நடிக்கோணும், பால்டிமோர்க்காரர் வேடத்தில் பால்டிமோர்க்காரர்தான் நடிக்கோணும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்பிடிச் சட்டம் போட்டால் எல்பா இல்லை, ரோயோ இல்லை, புரூக்ளினில் பிறந்த ஓமாரே இல்லை. யாரும் யாராகவும் நடிக்கட்டும். சொந்த வாழ்க்கையை ஒத்த வேடமும் வேலைதான். இன்னும் கஷ்டமான வேலை, ஏனென்றால் உங்களுக்கு வலித்த இடத்தை வெளிச்சத்துக்குக் கீழே கொண்டுவந்து, இயக்குநர் சொன்ன அடையாளத்தில் நின்று, பத்துத் தரம் திரும்பச் செய்யவேண்டும். பத்தாவது தரமும் முதல்தரம் மாதிரி இருக்கவேண்டும்.

ஐந்தாவது சீசனின் கடைசிக்கு முந்தின பகுதியில், காருக்குள், மைக்கேல் துவக்கோடு இருக்கிறான். தான் சாகப்போவது ஸ்னூப்புக்குத் தெரியும். கெஞ்சவில்லை, ஓடவில்லை. பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, தலைமயிரைத் தொட்டு, எப்பிடி இருக்கு என்று கேட்கிறா. நல்லாயிருக்கு என்கிறான் மைக்கேல். பிறகு வெடிச்சத்தம். அந்த ஒரு கேள்வியைப் பியர்சன் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறா என்று இன்னொருக்காப் பார்த்துவிட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு சண்டை பிடிப்பம்.