பேத்தி வளர்க்கும் பூதங்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்று பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் இரண்டு கட்சி. 'கண் கெடும், படிப்பு கெடும், பிடுங்கிப் பூட்டு' என்பது ஒரு கட்சி. 'ஊர் சுற்றாமல் வீட்டிலேயே இருக்கிறதே, அதுவே போதும்' என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களிலும் அந்த விளையாட்டை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அபூர்வம். நான் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல் மூன்று வாரமாக ஆடிக்கொண்டும் இருக்கிறேன். அறுபத்து நாலு வயதில் இதென்ன கூத்து என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

என் பேத்திக்கு 20 வயது. சி.ஏ. படிக்கிறாள். இண்டர்மீடியட்டில் ஒரு குரூப் போய்விட்டது. அந்தப் படிப்பில் இது சகஜம்தான் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். சொன்னால் ஆச்சா? பெண் வாயைத் திறப்பதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை லாப்டாப்பில் ஏதோ பூதங்களோடு சண்டை. என் மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "நான் பேசினா சண்டையிலேதான் முடியுது. அது என்ன ஆட்டம்னு நீயே பாரும்மா. வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கே லாப்டாப்பைப் பீரோவிலே வெச்சுப் பூட்டிடறேன்" என்றாள். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எனக்கும் சொல்லிக் கொடுடீ" என்று பேத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

போக்கிமான் என்ற பெயரை உங்கள் வீட்டுக் குழந்தைகள் மூலம் கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டோஷி தஜிரி என்ற ஜப்பானியர், சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்தவர். அந்த ஆசையிலிருந்து பிறந்தது இது. 1996 பிப்ரவரி 27-ல் கேம் பாய் என்ற கையடக்க மெஷினில் ஜப்பானில் வெளிவந்தது. அப்போது 151 பூதங்கள். காட்டிலும் புல்லிலும் அலைகிறவற்றைப் பிடித்து, பழக்கி, மற்றவர்களுடைய பூதங்களோடு மோத விட வேண்டும். நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும் என்ற மாதிரி உறவுமுறைகள். ஆடுபுலி ஆட்டம் போல நீ ஒரு முறை, நான் ஒரு முறை. அவசரமே கிடையாது, அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்துகூட யோசிக்கலாம்.

பேத்தி ஆடுவது கம்பெனி செய்து விற்ற ஆட்டமல்ல. ரசிகர்களே கூடித் தயாரித்து இலவசமாகக் கொடுத்தது. 'போக்கிமான் ரீபார்ன்' என்று பெயர். 2012-ல் ஆரம்பித்து, தொடர்கதை மாதிரி அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, 2022-ல்தான் முடித்தார்களாம். பத்து வருஷம்! கம்பெனி ஆட்டங்களில் வழக்கமாக எட்டு ஜிம் லீடர்களை ஜெயித்தால் போதும். இதில் பூத வகை பதினெட்டு, வகைக்கு ஒருவராக லீடரும் பதினெட்டுப் பேர். சிறு பிள்ளையாக அந்த ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர்களுக்கு அது சுலபமாகிப் போனதால், கஷ்டம் வேண்டும் என்றே செய்துகொண்ட ஆட்டம் இது.

எத்தனை கஷ்டம் என்பதை முதல் லீடரிடமே தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் 21 குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முதுகில் விதை சுமக்கும் புல்பாசாரை எடுத்துக்கொண்டேன். முதல் லீடர் ஜூலியா, மின்சாரக்காரி. புல் வகை மீது மின்சாரம் பாதிதான் ஏறும். ஆகவே நம்ம குட்டி பார்த்துக்கொள்ளும், தூக்கப் பொடியைத் தூவிவிட்டு நிதானமாக அடிக்கலாம் என்பது என் கணக்கு. ஆனால் இந்த ஆட்டத்தில் சண்டை நடக்கும் இடத்துக்கும் குணம் உண்டு. அவளுடைய கூடத்தில் தரையெல்லாம் மின்சாரம். அந்தத் தரையில் நிற்கிற எதற்கும் தூக்கம் வராது. மின்னல் அடி வேறு ஒன்றரை மடங்கு! என் படை முழுக்கச் சாய்ந்தது.

இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள். தண்ணீர் மேல் சண்டை என்றால் நெருப்பு சோர்ந்துவிடும், மின்சாரம் கொழுக்கும். காட்டுக்குள் பெரிய நெருப்பை வீசினால் காடே பற்றி எரிய ஆரம்பிக்கும். கண்ணாடிக் கூடம் உண்டு, சதுரங்கப் பலகைகூட உண்டு.

சரி, குட்டியை ஊட்டி ஊட்டிப் பலசாலியாக்கிக்கொண்டு வந்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "அது நடக்காது பாட்டி" என்றாள் பேத்தி. ஒவ்வொரு லீடரை ஜெயிக்கும்போதும் ஒரு பதக்கம் தருகிறார்கள். இத்தனை பதக்கத்துக்கு இத்தனை பலம்தான் என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் வளர்ந்த பூதம் நாம் சொன்ன பேச்சைக் கேட்காது! வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றையே நம்பாமல் ஆறையும் சமமாக வளர்த்து, எங்கே எதை இறக்குவது என்று யோசித்தால்தான் வழி.

தோற்றால் குடி முழுகிவிடாது. கொஞ்சம் காசு போகும், பூதங்கள் ஆஸ்பத்திரியில் சுகமாகும், மறுபடி போய் நிற்கலாம். எனக்கு ஏழாவது தடவை ஜெயம். தூக்கப் பொடியை மறந்துவிட்டு, எதிராளியின் மேல் ஒட்டிக்கொண்டு முறைக்கு முறை உயிரை உறிஞ்சும் ஒரு விதையைப் போட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன். என் ஆறு பேரில் நாலு பேர் விழுந்த பிறகு அவளுடைய கடைசிப் பூதம் விழுந்தது. அந்த ராத்திரி பதினோரு மணிக்கு நான் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை எழுந்து வந்துவிட்டார்.

இனி, நான் சொல்ல வந்த சங்கதி. பேத்தியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. சதுரங்கப் பலகைக்கார லீடரிடம் அவள் பதினாலு தடவை தோற்றிருக்கிறாள். பதினாலும் தேதியோடு அதில் இருக்கிறது. எந்த முறையில் எது விழுந்தது, எதிராளி எதை முதலில் இறக்கினான், அடுத்த தடவை எதை மாற்றுவது என்று நாலு பத்தி போட்டு, முத்து முத்தான கையெழுத்து. பதினைந்தாவது தடவைக்கு எதிரே ஒரு சின்ன டிக்.

படித்துவிட்டுக் கேட்டேன். "ஏண்டீ, பரீட்சைப் பேப்பரை இப்படி எழுதிப் பார்த்தியா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் சொன்னாள். "விடைத்தாள் காப்பி பணம் கட்டி வாங்கினேன் பாட்டி. வந்து ரெண்டு மாசம் ஆச்சு. திறந்து பார்க்கவே பயமா இருக்கு."

அதே லாப்டாப்பில்தான் இருந்தது. பூதங்களை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே இரண்டு பேருமாகத் திறந்தோம். எனக்கு அதில் ஓர் அட்சரம் புரியவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பேப்பரில் கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. தெரியாமல் அல்ல, முதல் கேள்வியிலேயே நேரத்தைக் கொட்டியிருக்கிறாள். இன்னொன்றில் கணக்கு சரி, விளக்கக் குறிப்பு எழுதவில்லை. பேத்தி நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து நாலு பத்தி கோடு போட ஆரம்பித்தாள். நான் காபி போட எழுந்து போய்விட்டேன்.

இதை வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் ஆட விடுங்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இந்த ரீபார்ன் சின்னக் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. பூதங்கள் பார்க்க பொம்மை போல இருக்கும், கதை அப்படியல்ல. ஆரம்பமே ரயில்வே ஸ்டேஷனில் குண்டுவெடிப்பு. ஊரெல்லாம் அழுக்கு, ஏரியெல்லாம் விஷம். அநாதைக் குழந்தைகளைச் சிகிச்சை என்ற பெயரில் கொடுமைப்படுத்தும் டாக்டர் வருகிறான். தற்கொலையும் வருகிறது. என் ஒன்பது வயதுப் பேரன், "அக்காவுக்கு மட்டும் உண்டா?" என்று ஒரு நாள் முழுக்க அழுதான். அழட்டும் என்று விட்டேன். கம்பெனி வெளியிட்ட பழைய ஆட்டம் அவன் வயதுக்குப் போதும்.

உடம்பு விஷயமும் சொல்ல வேண்டும். 1997 டிசம்பர் 16-ல் ஜப்பானில் போக்கிமான் டெலிவிஷன் தொடரில் சிவப்பும் நீலமும் படபடவென்று மின்னிய ஒரு காட்சியால் சுமார் 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. வலிப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில், மின்னும் காட்சிகள் பற்றி டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்களும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஆட வேண்டாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தித் தூரத்தில் பார்க்கட்டும். என்னைப் போல முட்டிவலிக்காரர்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கவும்.

'பைத்தியமாகிவிட்டதா, வெறும் ஆசையா, எப்படித் தெரிந்துகொள்வது?' என்று கேட்பீர்கள். 2022 முதல் அமலில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் ஒன்று. நிறுத்த முடியாமை, மற்ற எல்லா வேலைகளுக்கும் முன்னால் அதுவே வந்து நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடிப்பது - இவைதான் அடையாளம். பரீட்சை போன துக்கத்தில் நாலு மாதம் ஆடுகிற பெண்ணுக்கு உடனே அந்தப் பட்டத்தைக் கட்டிவிட வேண்டாம். சாப்பாடு, குளியல், தூக்கம் தடுமாறுகிறது என்றால் காத்திராமல் டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ரசிகர் ஆட்டங்களுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். செய்தவர்கள் சும்மா கொடுப்பதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். பூதங்களும் பெயர்களும் கம்பெனிக்குச் சொந்தம் என்பதால், செய்தவர்களுக்கே எந்த நேரமும் வக்கீல் நோட்டீஸ் வரலாம். ஒன்பது வருஷம் பாடுபட்டு 2016 ஆகஸ்டில் வெளிவந்த 'போக்கிமான் யுரேனியம்' கொஞ்ச நாளிலேயே பதினைந்து லட்சம் தடவைக்கு மேல் இறக்கிக்கொள்ளப்பட்டது. நோட்டீஸ் வந்தது, செய்தவர்கள் இறக்கும் வழியை மூடிவிட்டார்கள். கம்பெனி பக்கம் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஒன்பது வருஷம் அல்லவா! எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மகள் தீர்ப்பு கேட்டாள். "பூட்ட வேண்டாம். ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும். பத்தடிச்சா யாரா இருந்தாலும் மூடணும்" என்றேன். 'யாரா இருந்தாலும்' என்பதில் நானும் சேர்த்தியாம். பேத்தி உடனே பிடித்துக்கொண்டாள். எனக்கு அடுத்த லீடர் புல்வகைக்காரி, நிற்கிற இடம் பாலைவனம். நெருப்புப் பூதம் ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறாள்.