கண்ணாடியின் வயதுக்கு வாய்ச்சொல் சான்றாகுமா?

பழம்பொருள் கடைக்குள் நுழையும் ஒருவர், சுவரில் சாய்த்து வைத்துள்ள பெரிய நிலைக்கண்ணாடியின் முன் நிற்கிறார். "பெல்ஜியம் கண்ணாடி, இருநூறு ஆண்டுப் பழமை, பெரிய வீட்டுப் பொருள்" என்கிறார் கடைக்காரர். வந்தவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அதில் தெரியும் தம் முகத்தையே பார்க்கிறார். சிறிது பேரம் பேசுகிறார். இரண்டாயிரம் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பெருமிதத்தோடு வீடு திரும்புகிறார். பின்புறத்தைத் திருப்பிக் காட்டுமாறு அவர் ஒரு சொல்லும் கேட்டாரல்லர்.

இதற்கு மறுதலையான காட்சியும் உண்டு. தோட்டத்தில் கிராணியாக இருந்து மறைந்த பாட்டனாரின் வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகள், கூடத்தில் தொங்கிய மங்கலான கண்ணாடியை, "ரசம் போய்விட்டது, இனி இது எதற்கு?" என்று கூறி, பழைய சாமான் வாங்க வந்தவரிடம் ஒருவேளைச் சோற்று விலைக்குத் தள்ளிவிடுகின்றனர்.

முன்னவர் இல்லாத பழமைக்குப் பொருள் கொடுத்தார். பின்னவர் இருந்த பழமையைப் பொருளாகவே கருதவில்லை. இருவரையும் கெடுத்தது ஒரே அறியாமைதான். ஒரு பொருளின் வயதை அந்தப் பொருளையே கேட்டு அறியலாம் என்பது இருவருக்கும் கற்பிக்கப்படவில்லை. "கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா?" என்று கேட்கும் சமுதாயம், கண்ணாடியைப் பற்றி அறியக் கடைக்காரரின் வாயை நம்பி நிற்பது நகைப்புக்குரியது மட்டுமன்று, வருந்தத்தக்கதும் ஆகும்.

முதலில், 'பெல்ஜியம்' என்னும் சொல்லின் மயக்கத்தைக் களைதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தட்டைக் கண்ணாடித் தொழிலில் முன்னணியில் நின்ற நாடுகளுள் பெல்ஜியமும் ஒன்று. அந்நாட்டின் சார்லெருவா வட்டாரச் சூளைகளிலிருந்து கண்ணாடிப் பலகைகள் பல கண்டங்களுக்கும் சென்றன. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், தங்கள் செட்டிநாட்டு மாளிகைகளைப் பர்மாத் தேக்காலும் ஐரோப்பியக் கண்ணாடிகளாலும் அணிசெய்தனர். அதனால் 'பெல்ஜியம் கண்ணாடி' என்பது நாட்டைக் குறிக்கும் பெயராக இருந்த நிலை மாறி, தரத்தைப் புகழும் அடைமொழியாயிற்று. ஆயினும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஜெர்மனியின் ஃபூர்த் நகரிலும் கண்ணாடிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. சான்று காட்டாமல் 'பெல்ஜியம்' என்பது, கண்ட பட்டையெல்லாம் 'காஞ்சிபுரம்' என்பது போன்றதே.

அங்ஙனமாயின், கண்ணாடியை எவ்வாறு வினவுவது? பின்புறத்திலிருந்து தொடங்குதலே முறை. இங்கே தமிழ்மொழி ஓர் அரிய துணையை வைத்திருக்கிறது. கண்ணாடியின் பின்பூச்சைத் தமிழர் 'ரசம்' என்று சொல்வர். அந்த ரசம் பாதரசமே. 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார் புகழ்பெறச் செய்த முறையில், மெல்லிய வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன் மீது பாதரசத்தை ஊற்றி, மேலே கண்ணாடிப் பலகையைச் செலுத்தி, பாரம் ஏற்றிப் பல நாள் வைத்திருப்பர். ஈயமும் பாதரசமும் கலந்து கண்ணாடியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்த நச்சு ஆவியை முகர்ந்த தொழிலாளர் கைகால் நடுங்கி நோயுற்றனர். 1835ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியல் அறிஞர் யூஸ்டஸ் ஃபான் லீபிக், வெள்ளிக் கரைசலிலிருந்து தூய வெள்ளியைக் கண்ணாடி மீது படியச் செய்யும் வழியைக் கண்டறிந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறை பரவி, பழைய ரசத்தை மெல்ல மெல்ல அகற்றிற்று. தொழில் மாறிய பின்னரும் மக்கள் நாவில் சொல் மாறவில்லை.

இவ்வரலாறு அறிந்தவர், முதுகைக் கண்டதும் பாதி வழக்கை முடித்துவிடலாம். ஈயமும் பாதரசமும் சேர்ந்த பூச்சு, சாயம் பூசப்படாமல், சாம்பல் நிறத் தகடுபோல் காணப்படும். முன்புறம் சற்றே இருண்ட, நீலம் கலந்த ஒளி தரும். நாட்பட நாட்பட அதில் மணிமணியான மினுக்கங்கள் தோன்றும். பாதரசம் கீழ்நோக்கி இறங்குவதால் அடிப்பகுதி முதலிற் கெடும். வெள்ளிப் பூச்சோ தெளிவும் வெண்மையும் மிக்கது. காற்றும் ஈரமும் தாக்காதிருக்க அதன் மேல் சாயம் பூசியிருப்பர். அது கெடும்போது விளிம்புகளில் கறுப்பும் பழுப்புமான கறைகள் படரும். இனி, 'இருநூறு ஆண்டு' எனப் புகழப்படும் கண்ணாடியின் முதுகில் வெள்ளியும் சாயமும் காணப்பட்டால் என்ன பொருள்? ஒன்று, வயது பொய். அன்றேல், பூச்சு பிற்காலத்தில் மாற்றப்பட்டது. இரண்டில் எதுவாயினும் சொன்ன விலை நிற்காது. முதுகைக் காட்ட மறுக்கும் கடையில் பணப்பையைத் திறவாதிருத்தலே அறிவுடைமை.

அடுத்துக் கண்ணாடிப் பலகை. விரல் நுனியைக் கண்ணாடியில் வைத்து, விரலுக்கும் நிழலுக்கும் இடையே உள்ள இடைவெளி குறைவாயின் பழையது, மிகுதியாயின் புதியது என்று சிலர் தீர்ப்புக் கூறுவர். இது அரைகுறை அறிவு. அந்த இடைவெளி காட்டுவது பலகையின் தடிப்பை மட்டுமே. ஊதிச் செய்த பழங்கண்ணாடி பெரும்பாலும் மெல்லியது என்பது உண்மை. ஆனால் 1688ஆம் ஆண்டளவில் பிரான்சில் தொடங்கிய வார்ப்பு முறையில் தடித்த பலகைகளும் செய்யப்பட்டன. மெல்லிய பலகை இன்றும் கடையில் கிடைக்கிறது. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியிலோ இடைவெளியே இராது. அது செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து மெருகிட்ட உலோகம். முகப்பே ஒளியைத் திருப்புகிறது. நேற்று வார்த்த ஆறன்முளைக் கண்ணாடியிலும் விரல் நிழலைத் தொடும். அதனால் அதற்கு முந்நூறு ஆண்டு வயது என்று சொல்லிவிட முடியுமா?

தடிப்பைக் காட்டிலும் நம்பத்தக்க சான்றுகள் உள. கண்ணாடிக்கு எதிரே நின்று தலையை மெல்ல அசைத்தால், பழைய பலகையில் உருவம் நெளிந்து வளையும். வெள்ளைத் தாளைப் பிடித்தால், பலகையின் சாம்பல், பச்சை அல்லது மஞ்சள் சாயல் வெளிப்படும். கையால் தேய்த்த சாய்விளிம்பு அகன்று, ஆழமின்றி, தடவினாலும் எளிதில் புலப்படாது. பொறியில் தேய்த்தது கூர்மையாக விரலில் இடறும். உருக்கிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959ஆம் ஆண்டு அறிவித்தது. அம்முறையில் வந்த பலகையில் நெளிவே இராது. அளவும் ஒரு சாட்சி. 1684ஆம் ஆண்டு நிறைவுற்ற வெர்சேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகளை அடுக்கிப் பொருத்தியுள்ளனர். பெரிய ஒற்றைப் பலகை அக்காலத்தில் அத்துணை அரிது. பிரெஞ்சு மன்னனுக்கே எட்டாத ஆளுயரப் பலகை, அதே காலத்தில் மூலைக்கடை வணிகரின் பாட்டனாருக்கு எட்டியதோ?

சட்டமும் பேசும். நூறாண்டு கடந்த மரத்தின் பின்புறம் ஒரே சீராகக் கறுத்திராது. காற்றுப் பட்ட இடம் ஒரு நிறமும் மறைந்த இடம் வேறு நிறமுமாக இருக்கும். எங்கும் ஒரே நிறமாயின் சாயம் பூசப்பட்டது என ஐயுறுக. மரம் இழைக்குக் குறுக்கே சுருங்குவதால், வட்டமாகச் செய்த பழைய சட்டம் சற்றே நீண்ட வட்டமாகியிருக்கும். தங்க ரேக்கு ஒட்டிய சட்டத்தில் ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகள் தெரியும். பொன்னிறச் சாயம் பூசியது நாளடைவில் பழுப்பேறும். பூச்சி துளைத்த வழி வளைந்து செல்லும். துளைக்கருவி போட்ட வழி நேராகச் செல்லும். உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், கூட்டற்குறி வெட்டிய திருகாணி 1930களிலும் பரவியவை. 1887ஆம் ஆண்டுப் பிரிட்டானிய வணிகக்குறிச் சட்டத்தையும் 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டத்தையும் அடுத்தே, உற்பத்தி நாட்டின் பெயரைப் பொருள்களின் மீது பொறிக்கும் வழக்கம் ஓங்கிற்று. ஆகவே, நாட்டின் பெயர் அச்சிட்ட சீட்டையே இருநூறு ஆண்டுக்குச் சான்றாகக் காட்டுபவர், தம் கூற்றைத் தாமே மறுக்கிறார்.

ஒரு சான்றை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. பழுது பார்த்தவர் புதிய ஆணி அடித்திருக்கலாம்; பழைய சட்டத்தில் புதிய பலகையைப் பொருத்தியிருக்கலாம். பூச்சு, பலகை, சட்டம், ஆணி ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொன்னால் நம்பலாம். ஒன்று முரண்பட்டால், அம்முரணுக்கு விடை கிடைக்கும்வரை விலை பேசலாகாது.

வயது வேறு, மதிப்பு வேறு என்பதையும் உணர்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடிகள் ஆலைகளில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. நூறாண்டு கடந்தது என்பதனாலேயே அவை அரும்பொருள் ஆகிவிடா. சட்டமும் பலகையும் பிறந்த நாள்தொட்டுப் பிரியாதிருத்தல், வேலைப்பாட்டின் நேர்த்தி, எவர் வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று ஆகியனவே மதிப்பை உயர்த்துவன. இதனை அறியாதோர், பழைய கண்ணாடியைக் கையில் எடுத்ததும் 'புதிய ரசம்' பூச ஓடுகின்றனர். பழைய பூச்சைச் சுரண்டுதல் வயதின் சான்றை அழிப்பதாகும்; பாதரசம் கலந்த பூச்சாயின் உடலுக்கும் கேடு. மங்கலாக இருப்பினும் பிறந்த பூச்சோடு இருக்கும் கண்ணாடியையே அறிந்தோர் நாடுவர். முகம் பார்க்க வேண்டுமாயின் புதுக் கண்ணாடி மலிவாகக் கிடைக்குமே!

"இது செல்வர் பொழுதுபோக்கு, தமிழ்ப்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என வினவுவோர் உளர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோது, தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளும் விளக்குகளும் கண்ணாடிகளும் எடைக்குப் போயின. அவற்றைப் போக்கியவர் செல்வரல்லர். ஏழைத் தொழிலாளரின் மக்களே. பொருளை ஆராயக் கற்றிருந்தால் அவற்றுள் சிலவேனும் வீட்டிலோ பள்ளியிலோ எஞ்சியிருக்கும்.

மேடையில் ஏறி, 'எல்லாவற்றிலும் முந்தியது எம்முடையதே' என்று முழங்குவோரும் இந்தக் கடைக்காரரின் உடன்பிறப்புகளே. தமிழின் பழமை முழக்கத்தால் நிலைபெறவில்லை. மாங்குளம் போன்ற குகைகளில் வெட்டிய எழுத்துகளை அறிஞர் எழுத்தெழுத்தாகப் படித்து, அவை தமிழே எனக் காட்டியதால் நிலைபெற்றது. சான்றோடு நிற்கும் பழமைக்குச் சான்றில்லாப் புகழுரை இழிவையே தேடித் தரும். கடையில் கேட்டதை நம்பும் மாணவன், மேடையில் கேட்டதையும் நம்புவான். பின்னொரு நாள் மெய்யையும் பொய்யென்று தள்ளுவான்.

ஆதலின், ஆசிரியப் பெருமக்கள் ஒன்று செய்யலாம். பழைய கண்ணாடி ஒன்றை வகுப்புக்குக் கொணர்ந்து, பூச்சைத் தொடாமல், முதுகை மாணவர் முன் திருப்பி வைக்கட்டும். கைவிளக்கும் வெள்ளைத் தாளும் கொடுத்து, கண்டவற்றை எழுதச் சொல்லட்டும். 'இதன் வயது என்ன? எதனால் அறிந்தாய்?' என்னும் இரு வினாக்கள் போதும். முதல் வினாவுக்குத் தவறான விடை எழுதினும் பொறுக்கலாம். இரண்டாம் வினாவுக்கு 'அப்படிச் சொன்னார்கள்' என்று எழுதும் மாணவனை மட்டும், மீண்டும் ஒருமுறை கண்ணாடியின் முன்னே அனுப்புக.