ஆளே இல்ல ப்ரோ

போன வருஷம் ஒரு ரீல் என் கைக்கு வந்தது. செம்மண் புழுதி, பெரிய அட்வெஞ்சர் பைக், ட்ரோன் மேலே போகப் போகப் புள்ளியாகச் சுருங்கும் ஒரு ஆள். "தமிழ்நாட்டின் யாருமறியாப் பாலைவனம். சுத்துவட்டாரத்துல ஆளே இல்ல ப்ரோ" என்று எழுத்து ஓடியது. அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது நம்ம கரடுல்லடா? அந்தா நம்ம பட்டி தெரியுது பாரு" என்றாள்.

வேடசந்தூரிலிருந்து குஜிலியம்பாறை போகும் பக்கத்தில் இருக்கிற கரடு அது. அப்பத்தா ஐம்பது வருஷமாக ஆடு மேய்த்த இடம்.

அந்தப் பையனைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவனைத் திட்டும் தகுதி எனக்கு எவ்வளவு குறைவு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ரிலீஸ் முடிந்த மறுநாள், திண்டுக்கல்லிலிருந்து 200 சிசி வண்டியில் தனியாகத் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுக்குப் போனேன். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் கிடக்கிற செந்நிற மணல்மேடுகள். இரும்பு ஆக்சைடு படிந்த மணல். காற்று குவித்துக் குவித்து உண்டாக்கிய நிலம். டயரில் காற்றைக் குறைத்துக்கொள், எழுந்து நின்று ஓட்டு, ஆக்ஸிலரேட்டரை விடாதே என்று யூடியூப் பாடம் எல்லாம் மனப்பாடம். பத்தாவது நிமிஷம் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டேன். பின்சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்தது. முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது. கிளட்ச் கருகும் வாசனை. போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் அரை பாட்டில்.

அரைமணி நேரத்தில் ஒரு பனையேறியும் அவர் மனைவியும் வந்தார்கள். சத்தம் விடிலி வரைக்கும் கேட்டதாம். "மேட்டுல ஏத்தாதிய தம்பி, மண்ணு இழுக்கும்லா" என்றார் அந்த அம்மா. சக்கரத்துக்கு அடியில் பனமட்டைகளைச் சொருகி, இரண்டு பேரும் தள்ளி, வண்டியை வெளியே எடுத்தார்கள். பட்டையில் பதனீர் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை.

அன்று ராத்திரி நான் போட்ட படத்தில் வண்டி இருந்தது, மணல் இருந்தது, அந்தி வானம் இருந்தது. ஓரத்தில் விழுந்திருந்த விடிலியை கிராப் பண்ணியிருந்தேன். தலைப்பு: 'சோலோ'.

அந்த கிராப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். அதை நான் ரொம்ப நாள் அழகியல் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நிலப் பிரச்சினை.

இந்திய அரசு 2000-இல் தரிசுநில வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பிறகும் பலமுறை புதுப்பித்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நிலத்தை வகை பிரிக்கும் வேலை. புதர்க்காடு, மணல்மேடு எல்லாம் அதில் 'வேஸ்ட்லேண்ட்' வகைகள். மேலேயிருந்து பார்த்தால் அப்பத்தாவின் மேய்ச்சல் கரடு வீண் நிலம். ட்ரோனுக்கும் அது வீண் நிலம்தான். அரசு அதைத் திட்டத்துக்கு ஒதுக்கப் பார்க்கிறது, நாம் அதை ரீலுக்கு ஒதுக்குகிறோம். 2007-இல் இதே சாத்தான்குளம் வட்டாரத் தேரியில் டைட்டானியம் எடுக்க டாடா நிறுவனத் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்கள் அங்கேயே வாழ்கிற ஜனங்கள். ஆளில்லாத இடத்தில் போராட்டம் நடக்காது.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம். பைக் ஓட்டுகிறவர்களின் கனவுப் பட்டியலில் கட்ச் ரண் எப்போதும் மேலே இருக்கும். அதில் சின்ன ரண் பகுதியில் அகரியாக்கள் வருஷத்தில் ஏழெட்டு மாதம் தங்கி உப்பு விளைவிக்கிறார்கள். அந்த நிலம் ஒருபோதும் முறையாக அளக்கப்படவில்லை. ஆவணத்தில் அதற்குப் பெயர் 'சர்வே எண் பூஜ்யம்'. எண் பூஜ்யம் என்பதால் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் கையில் பட்டா கிடையாது. என் தொழிலில் இது பால பாடம்: தேடலுக்குப் பதில் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை, உன் டேபிளில் பதிவு இல்லை என்றுதான் அர்த்தம். ஜூனியர் பையன் இந்தத் தப்பைச் செய்தால் கோட் ரிவ்யூவில் கிழித்துவிடுவோம். சனிக்கிழமை வண்டியில் ஏறியதும் நாமே செய்கிறோம்.

தேரியிலும் பதிவு இருக்கிறது, தோண்டிப் பார்த்தவர்களிடம். சாயர்புரம் பக்கத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இலேயே எழுதியிருக்கிறார்கள். நம் 'யாருமறியா' மணலில் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மனிதர்கள் உட்கார்ந்து கல் உடைத்திருக்கிறார்கள்.

உடனே ஒருத்தர் பாலைத் திணையைத் தூக்கிக்கொண்டு வருவார். வரட்டும். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் நிலைகெட்டுப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கணக்கு. அதாவது, ஏற்கெனவே ஆட்கள் வாழும் ஊர்தான் வறட்சியில் பாலையாகிறது. அந்தப் பாடல்களில் எயினர் உண்டு, உப்பு வண்டி ஓட்டும் உமணர் உண்டு. சங்கத் தலைவன் பொருள் தேடப் பாலையைக் கடந்தான். நாம் சம்பளம் வாங்கி, இஎம்ஐயில் வண்டி வாங்கி, பாலையைத் தேடிப் போகிறோம். போகலாம், தப்பில்லை. ஆனால் அவனுக்கு இருந்த கண்ணாவது நமக்கு வேண்டாமா?

டக்கார் ரேலியைப் பாருங்கள். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து டக்காரை நோக்கிக் கிளம்பியது. பாதுகாப்புப் பிரச்சினையால் 2008-இல் ரத்தானது. 2009 முதல் தென்னமெரிக்கா, 2020 முதல் சவூதி அரேபியா. டக்கார் பக்கமே போவதில்லை, பெயர் மட்டும் டக்கார். மணல் இருந்தால் போதும், யாருடைய மணல் என்பது கேள்வியே இல்லை என்கிற மனசுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

"ஐடி வேலையில பிழிஞ்செடுக்குறாங்க, ஒருநாள் தனியா இருக்கக்கூடாதா?" என்பது நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பிழிச்சல் தெரியும், அதனால்தான் இன்னமும் ஓட்டுகிறேன். தனியாக இருங்கள். அதற்காக அங்கே இருக்கிறவர்களை அழிக்க வேண்டியதில்லை. மனிதர்கள் மட்டுமா? எங்கள் மாவட்டத்துக்கும் கரூருக்கும் நடுவே 11,806 ஹெக்டேரில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதே கடவூர் தேவாங்கு சரணாலயம், இந்தியாவில் தேவாங்குக்கென்று முதலாவது. இதே மாதிரி வறண்ட காடுதான். பகலில் போனால் உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே படாது, ஏனென்றால் தேவாங்கு ராத்திரியில் நடமாடுகிற ஜீவன்.

பழைய படத்தை நான் அழிக்கவில்லை. கிராப் செய்யாத மூலப்படத்தை அதன் கீழே போட்டு, வண்டியைத் தள்ளியது யார் என்று எழுதினேன். லைக் பாதிகூட வரவில்லை.

எங்கள் கரட்டுப் பக்கம் வருகிறவர்கள் வரலாம். பாதையை விட்டு இறங்காதீர்கள், பட்டிக்குப் பக்கத்தில் சைலன்சரை உறுமவிடாதீர்கள், சினை ஆடு மிரளும். அப்பத்தா மோர் கொடுப்பாள். கேமராவை ஆஃப் செய்ய வேண்டாம். அவளையும் சேர்த்து எடுங்கள்.