மஞ்சள் கடுதாசியும் கார் சாவியும்

சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். மகனின் தொழிலுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து இப்போது கழுத்தை நெரிக்கிறது. "மஞ்சள் கடுதாசி கொடுத்தால் காரை மட்டும் விட்டுவைப்பார்களா சார்?" என்றார்.

நெய்வேலியில் இருக்கும் நமக்கு 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம்தான். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் மாடு, விதை ஆகியவற்றை ஜப்தி செய்யக்கூடாது. சொந்த சவாரிக்கான கார் அந்தப் பட்டியலில் இல்லை. கார் கடன் பாக்கியிருந்தால், கோர்ட் திவால் என்று அறிவித்தாலும் கடன் கொடுத்தவருக்கு வண்டி மேல் உள்ள உரிமை போகாது. அடியாள் வைத்துப் பறிக்கக்கூடாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது உண்மை. அதற்காகத் தவணை கட்டாமல் வைத்துக்கொள்ள முடியாது.

"கிராஜுவிட்டி வந்ததும் கார் பாக்கியை அடைத்துவிடுகிறேன்" என்றார். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. வரவேண்டிய பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டையும் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாதபடி சட்டமே வேலி போட்டிருக்கிறது. அந்த வேலியை நாமே பிரித்து, வருடா வருடம் விலை குறையும் வண்டிக்குப் போடுவதா? குவார்ட்டர்ஸையும் காலி செய்யவேண்டுமே! கடன் கொடுத்தவரின் சம்மதம் வாங்கி காரை இப்போதே விற்றுவிடுவதுதான் புத்தி. ஏலத்துக்குப் போனால் விலையும் குறையும், மீதிக் கடனும் நம் தலையில்தான்.

"ஊர் என்ன சொல்லும் சார்?" என்றார்.

மூன்று ஷிப்டுக்கும் சைக்கிள் மிதித்தவர்கள் நாம். அன்றைக்கு நம் மரியாதை குறைந்தா போயிற்று?